பட்டத்தோடு பயிற்சியும் வேண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காலனி வீடுகளிலிருந்து மானசகங்கோத்திரிக்கும், மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திற்கும் பிள்ளைகள் சென்று வருகின்றனர். டாக்டர் பட்டத்திற்குக் குறைந்தது 3 ஆண்டுகள். பலர்க்கு 5, 6 ஆண்டுகளும் ஆகின்றன. பட்டம் பெற்ற அனைவர்க்கும் கல்லூரியில் ஆசிரியர் பதவி கிட்டுவதில்லை. இளமையின் பெரும்பகுதியைச் செலவிட்ட பிள்ளை, அதன்பின் திகைத்து நிற்கலாகாது. அதனாலேயே இதைப் பேச முன்வந்தோம்.

நம் ரயில்வேயில் மாற்றல் உத்தரவு வருவது வழக்கம். அரசிக்கெரேயிலிருந்து மைசூருக்கு வரும் குமாஸ்தா பழைய ஆபீஸின் பீரோவைச் சுமந்து வருவதில்லை. குறிப்பெழுதும் பழக்கமும், கணக்கைச் சரிபார்க்கும் கண்ணும், மேலதிகாரிக்கும் பிரயாணிக்கும் அவரவர்க்கேற்ப விடை கூறும் பக்குவமுமே உடன் வருகின்றன. ஆராய்ச்சியாளர்க்கும் இத்தகைய திறன்கள் உண்டு. தெளிவாக எழுதுதல், அவையில் பேசுதல், பிறர்க்குக் கற்பித்தல், காலத்தையும் பணத்தையும் திட்டமிடுதல், பலரோடு கூடி உழைத்தல் ஆகியவை எவ்வேலைக்கும் உதவுவன.

இவ்வூரிலேயே இதற்குச் சான்று உண்டு. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் அளித்த ஓலைச் சுவடியிலே, மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் பணியாற்றிய சாமசாஸ்திரியார் 1905-ஆம் ஆண்டில் அர்த்தசாஸ்திரத்தைக் கண்டறிந்தார். சுவடியோ கிரந்த எழுத்தில் இருந்தது. அவர் அதனைப் படித்து ஒழுங்குசெய்து 1909-இல் மூலத்தை அச்சேற்றினார். 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் நூலாக்கினார். சம்ஸ்கிருதப் புலமை மட்டும் இருந்து, பதிப்பிக்கும் திறனும் பிறமொழியில் விளக்கும் ஆற்றலும் இல்லாதிருந்தால், அந்நூலின் பெருமையை உலகம் அன்று அறிந்திருக்குமா?

பிரிட்டனில் 2002-இல் சர் கேரத் ராபர்ட்ஸ் அளித்த அறிக்கை, ஆராய்ச்சி மாணவர்க்கு ஆண்டுக்கு 2 வாரமேனும் இத்தகைய பயிற்சி வேண்டும் என்றது. நம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளும், எத்துறை மாணவராயினும் கற்பித்தலிலும் எழுதுதலிலும் பயிற்சி பெறவேண்டும் என்கின்றன. வாரம் 4 முதல் 6 மணி நேரம் வகுப்பு, சோதனைச்சாலை உதவிப் பணிகளை அளிக்கவும் இடந்தருகின்றன. ஆயினும் விதி இருந்தும் மனம் இல்லையேல், சான்றிதழ் மட்டுமே மிஞ்சும்.

வழிகாட்டும் பேராசிரியர்கட்கு ஒரு விண்ணப்பம். பயிற்சிக்குச் சென்றால் சோதனைச்சாலை வேலை தடைப்படும் என்று கருதுவோர் உளர். அக்கவலை நியாயமானதே. எனினும், எழுதத் தெரியாத மாணவரின் ஆய்வேட்டைத் திருத்தித் திருத்தி அலுப்பவர் யார்? அவ்வழிகாட்டியே அன்றோ? பேராசிரியர் ஒருவர் 8 மாணவர் வரை ஏற்கலாம். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கப் பழகினால் அவர் சுமையும் குறையும். பயிற்சிக்குத் தந்த நாட்கள் பிற்பாடு வட்டியுடன் திரும்பும்.

மாணவர்களே! அழைப்பு வரும் வரை காத்திராதீர்கள். வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பேசி வளர்ந்த நீங்கள், விளக்கிச் சொல்லும் திறனில் பாதியை முன்னரே பெற்றுள்ளீர்கள். உங்கள் ஆராய்ச்சியைத் தாய்க்குத் தமிழிலும், அண்டை வீட்டார்க்குக் கன்னடத்திலும் கூறிப் பாருங்கள். அவர்கட்குப் புரியவில்லையெனில் நீங்களே இன்னும் தெளியவேண்டும் என்று கொள்ளுங்கள்.

பெற்றோர்களே! "ஆய்வேடு எப்போது முடியும்?" என்று மட்டும் கேளாமல், "இவ்வாண்டு புதிதாக என்ன செய்யப் பழகினாய்?" என்றும் கேளுங்கள். நம் சங்கமும் திங்கள்தோறும் ஓர் ஆராய்ச்சி மாணவரை அழைத்து, எளிய தமிழில் கால் மணி நேரம் பேசச் செய்தல் வேண்டும். செலவு ஒரு குவளைக் காப்பியே. பயனோ வாழ்நாள் முழுதும் நிற்கும்.