இடையிடையே தளரும் இயந்திரம்

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடல்வழி. நடுவழியில் வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரம் தளர்ந்து, சற்று ஓய்ந்தபின் மீண்டும் வலுப்பெறுமாயின், பழுது நீங்கிற்று என்று எண்ணுதல் ஆகாது. தானே மறைந்த பழுது தானே திரும்பிவரும்.

முதலில் எரிபொருள் தாங்கி மூடியின் காற்றுத் துவாரத்தை நோக்குங்கள். அது அடைபட்டிருப்பின் எரிபொருள் ஓடாது. மூடியைத் தளர்த்தியதும் இயந்திரம் உயிர்பெறுமாயின் குற்றம் அங்கேயே. அன்றேல், தளரும் வேளையில் எரிபொருட் குழாயிலுள்ள இறப்பர்க் குமிழை அமுக்கிப் பாருங்கள். வேகம் மீண்டால், எரிபொருள் வரும் வழியில் தடையுண்டு. வடிகட்டியில் நீரும் தூசும் தேங்கியிருக்கலாம். குளிரூட்டும் நீர் புகும் வழியைக் கடற்பாசி அடைத்தாலோ, இயந்திரம் சூடேறி வலுக்குன்றும்.

துவாரத்தையும் வடிகட்டியையும் புறப்படுமுன் கரையிலேயே, நெருப்பை அகற்றிவிட்டுச் சோதியுங்கள். தீவிலிருந்து நோயாளியை ஏற்றிவரும் வள்ளத்துக்கு நீரோட்டம் தவணை தராது.