போதும் என்று சொல்லும் வரம்

(பொதுக்காலம் 18ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை)



இந்த ஆண்டு பொதுக்காலம் 18ஆம் ஞாயிறும் ஆடிப்பெருக்கும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. ஜூன் 12ஆம் நாள் மேட்டூரில் திறந்த தண்ணீர் நம் வாய்க்கால்களில் ஓடுகிறது. வயலில் குறுவை நிற்கிறது. கடைத்தெருவில் ஆடித் தள்ளுபடி அழைக்கிறது. இந்த வேளையில் திருச்சபை நமக்குத் தரும் நற்செய்தி, லூக்கா 12ஆம் அதிகாரத்தில் வரும் அறிவற்ற செல்வனின் உவமை.

அந்த மனிதன் திருடியதாக இயேசு சொல்லவில்லை. அவன் நிலம் நன்றாக விளைந்தது. சேர்த்து வைக்க இடம் போதவில்லை. இருக்கிற களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டலாம் என்று தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். அறுத்துக் கொடுத்தவர்கள் யார், அவர்கள் வீட்டில் உலை கொதிக்கிறதா என்ற கேள்வி அவனுக்கு எழவே இல்லை. அன்று இரவே அவனுடைய உயிர் கேட்கப்படுகிறது.

அன்பார்ந்தவர்களே, இந்த உவமைக்கு நம் மண்ணிலேயே சாட்சி உண்டு. 1960களில் நாடு உணவுக்குத் தவித்தது. கடல் கடந்து கப்பலில் வந்த கோதுமையை எதிர்பார்த்து நின்றோம். அப்போது பழைய தஞ்சை மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, புது விதை, உரம், கடன் எல்லாவற்றையும் ஒருசேரக் கொடுத்தார்கள். ஆடுதுறை 27 என்ற நெல் ஏறக்குறைய 105 நாளில் அறுவடைக்கு வந்தது. விளைச்சல் பெருகியது. பசியைப் போக்கிய அந்த உழைப்புக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். வயிறு நிறைந்த பிறகு வளர்ச்சியைப் பழிப்பது எளிது.

ஆனால் விளைச்சல் பெருகினால் எல்லாருடைய துயரமும் தீரும் என்று நம்பினோமே, அது நடந்ததா? 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறந்த நாளின் இரவில், இதே பழைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியில் இன்னும் கொஞ்சம் நெல் கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்கள் அவர்கள். நெல் இருந்தது. கொடுக்க மனம் இல்லை. களஞ்சியம் எவ்வளவு பெரிதானாலும் மனத்தை அது பெரிதாக்காது.

மண்ணையும் நாம் அப்படியே நடத்தினோம். கொழுஞ்சியும் தொழுவுரமும் இட்ட வயலில் மூட்டை மூட்டையாக உரம் கொட்டினோம். பூச்சிமருந்து அடித்த வயலில் நண்டும் நத்தையும் கெண்டையும் குறைந்தன. செலவு கூடியது, கடன் கூடியது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டபோது, கருகிய சம்பாப் பயிரைப் பார்த்து நின்றவர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள்.

இன்று நம் வீடுகளில் என்ன நடக்கிறது? விதைக்கும் நடவுக்கும் அடகுக்குப் போன நகை, இப்போது புது போனுக்கும், நாலு பேர் மெச்ச நடத்தும் விசேஷத்துக்கும் போகிறது. பந்தியில் பாதிச் சோறு இலையோடு குப்பைக்குப் போகிறது. வாங்கிய பொருள் பழசாகும் முன்பே அடுத்ததற்கு மனம் ஏங்குகிறது. எல்லாம் வீண் என்று சபை உரையாளர் முதல் வாசகத்தில் சொல்வது இந்தக் களைப்பைத்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலும், பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறது.

பாலைநிலத்தில் மன்னா பொழிந்த ஆண்டவர், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுக்கச் சொன்னார். மறுநாளைக்கென்று பதுக்கியது புழுத்துப்போனது. ஓய்வு நாளுக்கென்று அவர் சொல்லி வைத்தது மட்டும் கெடவில்லை. நாளைக்குச் சேமிப்பது தவறல்ல. போதும் என்று சொல்லத் தெரியாததுதான் நோய்.

இந்த வாரம் ஒன்று செய்வோம். எதையும் வாங்கப் போகும் முன் குடும்பமாக உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்போம்: இது தேவையா? இதற்காகக் கடன் படுகிறோமா? நாம் யாருக்காவது தர வேண்டிய கூலி பாக்கி இருக்கிறதா? பாக்கி இருந்தால் முதலில் அதைக் கொடுப்போம். தள்ளுபடி அடுத்த ஆண்டும் வரும்.

ஆண்டவரே, நீர் தந்ததில் நிறைவு காணவும், நிறைந்ததைப் பகிரவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.