பரபக்கம் கேட்போம்: தமிழ் மண்ணில் மூவொருமை விவாதம்

 

இக்கருத்தரங்கில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் எளியதன்று. கடவுள் ஒருவரே என்பதில் கிறிஸ்தவர் எவருக்கும் ஐயமில்லை. அந்த ஒருவர் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாய் இருக்கிறாரா, தந்தை மட்டுமே கடவுளா என்பதில்தான் வழக்கு. இதை நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கர்களின் சண்டையாகவே வகுப்பறைகளில் சொல்லித்தருகிறோம். அரியுஸ், அத்தனாசியுஸ், 325இல் நிசேயா, 381இல் கொன்ஸ்தாந்திநோபிள் என்று பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தை முடித்துவிடுகிறோம். இதே வழக்கைச் சென்னையில் ஒரு தமிழர் எழுப்பினார், அதற்காகத் தமிழில் எழுதினார், தமிழில் வழிபாடு நடத்தும் சபை ஒன்றையும் நிறுவினார் என்பதை நம் மாணவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. இந்தக் குறை இக்கருத்தரங்கோடு தீரத் தொடங்க வேண்டும்.

என் நிலையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மூவொரு இறைவனை அறிக்கையிடும் சபையில் பிறந்தவன் நான். இன்றும் அந்த அறிக்கையை மனமாரச் சொல்பவன். ஆகவேதான், அதை மறுத்தவர்களின் வாதத்தை அதன் முழு வலுவோடு கேட்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். இந்த நெறி நமக்குப் புதிதுமன்று. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்டாள். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கத்தை முன்வைத்துச் சுபக்கத்தைப் பின்வைத்தார். மறுக்கப்போகும் மதத்தை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டே அதன் மறுதலையைத் தொடங்கினார். எதிராளியின் கூற்றைச் சிதைத்துவிட்டு வெல்வது வெற்றியாகாது என்பதை அறிந்த மரபு இது. அந்த மரபின் வாரிசுகளாக இங்கே அமர்ந்திருக்கிறோம்.

புதுச்சேரியின் இந்த முத்தியால்பேட்டைக்கு இவ்விவாதத்தில் ஒரு தனிப் பொருத்தம் உண்டு. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதி உலவிய மாந்தோப்பு, இவ்வூர்க் கிருஷ்ணசாமி செட்டியாருடையது. புதிய ஆத்திசூடியின் காப்புச் செய்யுளில், பல மதத்தினரும் பலவாறு உருவகித்து வணங்குவது ஒரே பரம்பொருளை என்று அவர் பாடினார். இயேசுவின் தந்தையையும் அந்த வரிசையில் சேர்த்தார். அந்த விரிந்த நெஞ்சை நான் வணங்குகிறேன். ஆனால் ஆய்வாளர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாம் ஒன்றே என்ற முடிவை முதலிலேயே எடுத்துக்கொண்டால், யார் எதற்காக ஊரையும் உறவையும் இழந்தார்கள் என்பது நம் கண்ணில் படாமலே போய்விடும். மைக்கேல் செர்வேத்துஸ் 1553இல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். மூவொருமையை மறுத்தது அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. எரித்தவர்களுக்கும் எரிக்கப்பட்டவருக்கும் அந்த வேறுபாடு உயிரைவிடப் பெரிதாக இருந்தது. சமரசம் பேசுமுன் வேறுபாட்டின் ஆழத்தை அளந்து பார்ப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

இரு பக்கத்தையும் சுருக்கமாக வைக்கிறேன். மறுப்பவர் விவிலியத்திலிருந்தே தொடங்குகிறார். கட்டளைகளுள் முதன்மையானது எது என்று கேட்டபோது, ஆண்டவர் ஒருவரே என்ற இஸ்ரயேலின் பழைய அறிக்கையையே இயேசு எடுத்துச் சொன்னார் என்கிறது மாற்கு 12. யோவான் 17இல் தந்தையை நோக்கி, ஒரே உண்மையான கடவுள் என்று விளித்து இயேசு மன்றாடுகிறார். தந்தை தம்மினும் பெரியவர் என்கிறார் யோவான் 14இல். இயேசு பேசிய முறையிலேயே கடவுளைப் பற்றி நான் பேசினால் அது எப்படிப் பிழையாகும் என்பது மறுப்பவரின் கேள்வி. எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது.

நிசேயாப் பொதுச்சங்கத்தின் வழிநின்று மூவொருமையை ஏற்பவர் வழிபாட்டிலிருந்து தொடங்குகிறார். திருத்தூதர்களின் காலம் முதலே கிறிஸ்தவர்கள் இயேசுவை நோக்கி வேண்டினார்கள். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்குக் கொடுத்தார்கள். படைக்கப்பட்ட ஒருவரை இப்படி வணங்கியிருந்தால் அது உருவ வழிபாட்டுக்குச் சமம். படைக்கப்பட்டவரால் மீட்கவும் முடியாது என்றார் அத்தனாசியுஸ். கடவுள் தாமே நம்மிடம் வந்தாரா, ஆள் ஒருவரை அனுப்பிவைத்தாரா என்பதுதான் அவர் கண்ட மையம். திருச்சபைத் தந்தையரான பசிலியும் இரு கிரகோரியார்களும் ஒரே உள்ளியல்பு, மூன்று ஆட்கள் என்ற வரையறையைச் செதுக்கியது, இந்த வழிபாட்டை ஒரே கடவுள் நம்பிக்கையோடு முரணில்லாமல் நிறுத்தவே. நம் காலத்தில் விடுதலை இறையியலாளர் லெயொனார்தோ போஃப் போன்றவர்கள் இன்னொரு படி சென்றார்கள்: கடவுளுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வில்லாத உறவு இருக்குமானால், ஏற்றத்தாழ்வால் கட்டப்பட்ட சமூகம் கடவுளுக்கு எதிரானது என்றார்கள். சாதியின் நாட்டில் வாழும் நமக்கு இந்த வாதம் ஆழமாக உறைக்க வேண்டும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடி லுத்தரன்களும் கத்தோலிக்க இயேசு சபையாரும் தமிழில் கடுமையாக மோதினார்கள். இயேசு சபையின் வீரமாமுனிவர் வேதவிளக்கமும் லுத்தேரினத்தியல்பும் எழுதினார். திருச்சபையின் அதிகாரம், புனிதர் வணக்கம், மீட்புக்கு வழி என்று எத்தனையோ பொருளில் இரு தரப்பும் வாதாடின. மூவொருமை மட்டும் வழக்கிலேயே இல்லை. அது இருவருக்கும் பொதுச்சொத்தாக இருந்தது. கிறிஸ்தவத்துக்கு உள்ளிருந்தே அந்தப் பொதுச்சொத்தைக் கேள்விக்கு உட்படுத்தியவர் ஐரோப்பியக் குருவல்லர், திருவேங்கடம் என்ற தமிழர்.

வேளாளக் குடும்பத்தில் பிறந்த திருவேங்கடம், பணியாளராக இங்கிலாந்து போனார்; அங்கே கிறிஸ்தவராகி வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயர் பெற்றார். அவர் கையில் கிடைத்தவை ஜோசப் பிரீஸ்ட்லி, தியோஃபிலஸ் லிண்ட்சே ஆகியோரின் நூல்கள். பிராணவாயு ஆய்வால் நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த அதே பிரீஸ்ட்லிதான். அவர் மூவொருமையை மறுக்கும் யூனிட்டேரியன் போதகராகவும் இருந்தார். 1791இல் பர்மிங்காமில் கலகக் கும்பல் அவர் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் கொளுத்தியது. லிண்ட்சே, ஆங்கிலிக்கச் சபையில் தமக்கிருந்த பதவியை மனச்சான்றுக்காகத் துறந்து, 1774இல் லண்டன் எசெக்ஸ் தெருவில் யூனிட்டேரியன் வழிபாட்டைத் தொடங்கியவர். இவர்களின் எழுத்தைப் படித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார் ராபர்ட்ஸ். சென்னை யூனிட்டேரியன் கிறிஸ்தவ சபை 1795ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. 1813இல் புரசைவாக்கத்தில் அதற்கு ஓர் ஆலயம் எழுந்தது.

அந்த 1813ஆம் ஆண்டைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் 1689இன் சமயப் பொறுதிச் சட்டம் மூவொருமையை மறுப்போருக்குப் பாதுகாப்பு அளிக்கவில்லை. அதற்குப் பின் சில ஆண்டுகளில் வந்த தெய்வநிந்தனைச் சட்டம் அவர்களுக்குத் தண்டனையும் விதித்தது. அந்தத் தடை நீங்கியது 1813இல். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதியை மிஷனரிமாருக்குத் திறந்துவிட்ட சாசனச் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. லண்டன் பாராளுமன்றம் இவ்விரண்டையும் செய்துகொண்டிருந்த காலத்தில், மிஷன் சங்கம் எதுவும் அனுப்பாத ஒரு தமிழர், தம் மக்களோடு புரசைவாக்கத்தில் கூடி வழிபட்டுக்கொண்டிருந்தார். கிறிஸ்தவக் கோட்பாடு என்றாலே மேற்கிலிருந்து வந்து இறங்குவது, நாம் பெற்றுக்கொள்வது என்ற பாடத்தை இந்த ஓர் ஆண்டே திருத்திவிடும்.

ராபர்ட்ஸிடம் பட்டமில்லை, குருப்பட்டமும் இல்லை. யூனிட்டேரியன் வழிபாட்டு முறையைத் தமிழாக்கினார், தமிழில் சிறுநூல்கள் எழுதினார், எசெக்ஸ் தெருப் போதகர் தாமஸ் பெல்ஷாமுக்குக் கடிதங்கள் அனுப்பினார். அக்கடிதங்கள் லண்டனில் அச்சாகின. 1838இல் அவர் மறைந்தபின் அவர் மகன் சபையைத் தொடர்ந்து நடத்தினார். இந்த வாழ்க்கையில் நான் காண்பது இதுதான்: மறைநூலைக் கையில் எடுத்த ஒரு பணியாளர், கடவுள் எப்படிப்பட்டவர் என்று தாமே ஆராயத் தமக்கு உரிமை உண்டு என நம்பினார். அவர் முடிவோடு நான் உடன்படவில்லை. அவர் உரிமையை என் உரிமையாகவே கருதுகிறேன். இறையியல் கல்லூரிகளும் ஆயர் மன்றங்களும் மட்டுமே கடவுளைப் பற்றிச் சிந்திக்கலாம் என்றிருந்தால், மூவொருமை நம்பிக்கையும் மனப்பாடமாகச் சுருங்கிவிடும்.

வங்காளத்தில் இந்த விவாதம் பிறகுதான் வெடித்தது. ராம்மோகன் ராய் 1820இல் இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார். செராம்பூர் பாப்டிஸ்ட் மிஷனின் ஜோஷுவா மார்ஷ்மன் எதிர்த்து எழுதினார். ராயின் மூன்றாவது மறுமொழியை அச்சிட மிஷன் அச்சகம் மறுத்துவிடவே, அவர் 1823இல் தம் சொந்த அச்சகத்திலிருந்து வெளியிட்டார். ராய் புகழ்பெற்றார், ராபர்ட்ஸ் மறக்கப்பட்டார். ஜயந்தியா மலைப்பகுதியில் ஜோவாயில் 1887இல் யூனிட்டேரியன் சபையைத் தொடங்கிய காசி இனத்தவரான ஹாஜோம் கிஸ்ஸோர் சிங்கும் நம் பாடநூல்களில் இல்லை. எளியவர்களின் இறையியலை ஏட்டில் ஏற்றும் பொறுப்பு நம்முடையது.

இந்த விவாதத்தில் ஆய்வு நேர்மை எதைத் தரும் என்பதற்கு ஒரு சான்று. 1 யோவான் 5:7ஐ நம் பழைய பரிசுத்த வேதாகமத்தில் பாருங்கள்: விண்ணகத்தில் சான்று பகரும் மூவர் ஒன்றாயிருக்கிறார்கள் என்ற கருத்து அங்கே உண்டு. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் அது இல்லை. பழைய கிரேக்கக் கையெழுத்துப்படிகளில் அப்பகுதி இல்லாததே காரணம். ஈராஸ்முஸ் தம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519ஆம் ஆண்டுப் பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. 1522ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தார். யூனிட்டேரியன்கள் நெடுங்காலம் சுட்டிக்காட்டிவந்ததை இன்று பல சபைகளின் அறிஞர்களும் ஏற்கிறார்கள். அதே வேளையில், நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கத் தந்தையர் இந்த வசனத்தின் துணையே இல்லாமல்தான் தம் கோட்பாட்டை நிலைநாட்டினார்கள். ஆகவே இந்தத் திருத்தத்தால் மறுப்பவர் வென்றுவிடவுமில்லை, நம்புகிறவர் தோற்றுவிடவுமில்லை. வாதம் தூய்மையடைந்தது, இரு தரப்புக்கும் அதுவே ஆதாயம்.

புதுச்சேரிக்கும் இத்தகைய பாடம் ஒன்று உண்டு. எசூர்வேதம் என்ற பிரெஞ்சு நூலின் படி 1760இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வோல்தேர் கைக்குப் போயிற்று. ஒரே கடவுளை நிலைநாட்டி உருவ வழிபாட்டை மறுக்கும் அந்த உரையாடலை அவர் பழமையான இந்திய நூல் என்று நம்பினார். தூய ஒரே கடவுள் கொள்கை கிறிஸ்தவத்துக்கும் முந்தியது என்று காட்ட அதைப் பயன்படுத்தினார். அது மிஷனரி எழுதியது என்று 1782இல் சொன்னார் பிரெஞ்சுப் பயணி சொன்னெரா. சென்னையின் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் புதுச்சேரி மிஷன் ஏடுகளைப் பார்த்து அதையே காட்டி எழுதிய ஆய்வு 1822இல் அச்சானது. நம் ஊரில் கிடந்த தாள்கள் ஐரோப்பாவின் சமய வாதத்தையே திசைதிருப்பியிருக்கின்றன. ஏட்டைத் தேடுவதும், அதை எழுதியவர் யார் என்று உறுதிசெய்வதும் நம் துறையின் முதற்கடமை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

மூவொருமையை நம்பியவர்களும் தமிழ்நாட்டில் அதைப் புதிதாகச் சிந்தித்தார்கள். 1950இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், மொன்ஷானன், அபிஷிக்தானந்தர் என்ற இரு பிரெஞ்சுத் துறவியர் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினார்கள். சத்து, சித்து, ஆனந்தம் என்ற மூன்றையும் தந்தை, மகன், தூய ஆவியோடு வைத்துத் தியானித்தார்கள். 1898இலேயே வங்காளக் கத்தோலிக்கரான பிரம்மபாந்தவ உபாத்யாயர் வடமொழித் துதி ஒன்றால் திறந்த பாதை அது. அத்வைதமும் மூவொருமையும் உண்மையில் இணையுமா என்பதில் அந்த இரு நண்பர்களுக்கிடையிலேயே பிளவு வளர்ந்தது. மொன்ஷானன் தயங்கினார், அபிஷிக்தானந்தர் துணிந்து உள்ளே போனார். சமஸ்கிருத மரபையே இந்திய மரபாகக் கொள்ளும் இறையியலை எதிர்த்துத் தலித் இறையியலார் பின்னர்க் கேட்ட கேள்வியும் கூர்மையானது: யாருடைய மொழியில் கடவுளைச் சொல்கிறீர்கள்? இந்தக் கேள்விக்கு ஓர் அமர்வை முழுமையாக ஒதுக்கியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இது பழங்கதையுமன்று. இயேசுவின் பெயரால் மட்டுமே திருமுழுக்குக் கொடுக்கும் பெந்தெகொஸ்தே சபைகள் நம்மிடையே உண்டு. தந்தை, மகன், ஆவி என்பவை ஒரே கடவுள் வெளிப்படும் வகைகள் என்பது அவர்கள் நம்பிக்கை. யெகோவாவின் சாட்சிகள் மூவொருமையை வெளிப்படையாக மறுக்கிறார்கள். நாட்டுப்பண் பாட மறுத்தது தொடர்பான வழக்கில் அவர்களின் பிள்ளைகளுடைய மனச்சான்றை உச்ச நீதிமன்றம் 1986இல் காத்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு சபையும் தங்கை ஒரு சபையுமாகப் பிரிந்து, திருமணத்திலும் கல்லறையிலும் இக்கேள்வியால் முகம் திருப்பிக்கொள்வதைப் பங்குத்தந்தையரும் போதகரும் அறிவார்கள். அந்தக் குடும்பங்களுக்குத் தேவை வசைநூல்கள் அல்ல. மற்றவர் ஏன் அப்படி நம்புகிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்ட தெளிவுதான் அவர்களுக்கு உதவும்.

ஆகவே இக்கருத்தரங்கிடம் மூன்றைக் கேட்கிறேன். மூவொருமை பற்றித் தமிழில் இருபக்கமும் எழுதப்பட்ட சிறுநூல்களைத் தேடித் தொகுத்து ஓர் அடைவு உருவாக்குங்கள். சென்னையிலும் லண்டனிலும் உள்ள ராபர்ட்ஸ் தொடர்பான தாள்களிலிருந்து அது தொடங்கட்டும். இறையியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் நிசேயாவுக்குப் பக்கத்தில் புரசைவாக்கத்தையும் வையுங்கள். இங்கே கட்டுரை படிப்பவர் ஒவ்வொருவரும், தாம் மறுக்கும் கொள்கையை அதை நம்புகிறவரே கேட்டு, ஆம், இதுதான் என் நம்பிக்கை என்று ஒப்பும்படி முதலில் எடுத்துரையுங்கள். அதன்பின் மறுதலையைத் தொடங்குங்கள். மூவொரு இறைவனை நம்பும் என் போன்றோருக்கு இதில் அச்சத்துக்கு இடமேயில்லை. உறவே கடவுளின் இயல்பு என்று அறிக்கையிடுகிறவர்கள், மாற்றுக்கருத்து உடையவரோடு உறவை முறித்துக்கொண்டு அந்த அறிக்கையைக் காப்பாற்ற முடியாது.

இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.