இரும்புக் கடலும் எண்களும்



காந்த ஊசி வடக்கு நோக்கி நிற்கும் என்று பல்லாண்டுகள் வகுப்பில் பாடம் சொன்னவன் நான். ஏன் அவ்வாறு நிற்கிறது என்று வினவிய மாணாக்கர் சிலரே. புவியே ஒரு பெருங்காந்தம் என்று அவர்களுக்கு விடை கூறுவதுண்டு. ஆனால் இரும்பு ஏறத்தாழ 770 பாகை வெப்பத்தைக் கடந்தால் காந்தத் தன்மையை இழந்துவிடும்; புவியின் நடுவிலுள்ள இரும்போ பல்லாயிரம் பாகை வெப்பமுடையது. போதாக்குறைக்கு, 1906-ஆம் ஆண்டில் பெர்னார் புரூன் என்னும் பிரெஞ்சு அறிஞர், பண்டைய எரிமலைப் பாறையில் பதிந்திருந்த காந்தத்தின் திசை இன்றைய திசைக்கு நேர்மாறாக இருக்கக் கண்டார். புவியின் காந்தத் துருவங்கள் கடைசியாக இடம் மாறியது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. நிலைக்காந்தம் இவ்வாறு தலைகீழாகுமோ?

காரணம் உருகிய உலோகத்தின் ஓட்டமே. நம் காலடியில் 2,900 கிலோமீட்டர் ஆழம் தொடங்கி 5,150 கிலோமீட்டர் வரை இரும்புக் கடல் ஒன்று உள்ளது. அதன் அடியில் திண்மையான உட்கரு. உட்கருவின்மேல் இரும்பு சிறிது சிறிதாக உறைய, எடை குறைந்த பொருள்கள் பிரிந்து மேலெழுகின்றன. வெப்பமும் உடன் எழுகிறது. உலைநீர் அடியிலிருந்து பொங்கி எழுவதைக் கண்டிருப்பீர்கள்; ஏறக்குறைய அது போன்றதே. புவியின் சுழற்சி அவ்வோட்டத்தை முறுக்குகிறது. ஓடும் உலோகத்தில் மின்னோட்டம் பிறக்கிறது, அதனால் காந்தப்புலம், அப்புலம் திரும்பி ஓட்டத்தையே தடுக்கிறது.

இங்கே நம் திரைராசிகம் செல்லாது. ஒரு படி அரிசியின் விலை தெரிந்தால் பத்துப் படியின் விலை சொல்லிவிடலாம். வெப்பம் இருமடங்கானால் ஓட்டமும் இருமடங்காகும் என்று சொல்ல இயலாது. ஓட்டமே வெப்பத்தைச் சுமந்து சென்று, தன்னைத் தூண்டிய வெப்ப வேறுபாட்டைக் குறைத்துவிடுகிறது. காரியம் காரணத்தைத் திருத்துகிறது! இத்தகைய நேரியலற்ற சமன்பாடுகளைத் தாளும் பேனாவும் கொண்டு தீர்ப்பது அரிது. தோண்டிப் பார்க்கலாமா எனில், ருஷ்யாவின் கோலாவில் மனிதன் இட்ட ஆழ்துளையே 12 கிலோமீட்டரைச் சற்றுக் கடந்ததோடு நின்றுவிட்டது.

ஆகவே கிளாட்ஸ்மையர், ராபர்ட்ஸ் என்னும் இருவர் அமெரிக்காவில் ‘கிரே’ மீக்கணினியின் துணையை நாடினர். வெப்பம், ஓட்டம், காந்தம் ஆகியவற்றின் சமன்பாடுகளை சிறுசிறு காலப்படிகளாகக் கணக்கிட்டனர். பொறி 2,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்து, 40,000 ஆண்டு வரலாற்றைத் தந்தது. 1995-இல் முடிவு வெளியாயிற்று. கணக்கின் பிற்பகுதியில், எவரும் கட்டளையிடாமலே துருவங்கள் இடம் மாறின!

இதனைப் புவியின் நிழற்படம் என எண்ணிவிடாதீர்கள். உண்மையான இரும்புக் கடலின் நுண்ணிய சுழிகளைப் பின்தொடர அப்பொறிக்கு ஆற்றல் இல்லை. எனவே கணக்கில் வந்த பாய்மத்தை உள்ளதைக் காட்டிலும் மிகமிகக் கெட்டியானதாக வைத்துக்கொண்டனர். பின்வந்த பொறிகள் அக்குறையைக் குறைத்தன, ஒழிக்கவில்லை. பாகு போன்ற பாய்மம் இயற்கையை ஒத்த விடையைத் தந்தது ஏன் என்பதே எனக்கு மிகச் சுவையான கேள்வி.

எனினும் அக்கணக்கு ஒன்றைக் காட்டித் தந்தது. இரும்புக் கடலின் புலம் அடிக்கடி தலைகீழாக முயல்கிறது. ஆனால் திண்மையான உட்கருவில் ஊறிய பழைய புலம் எளிதில் கலைவதில்லை. அது கலையுமுன் கடலின் முயற்சி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. துருவ மாற்றம் இத்துணை அருமையாக நிகழ்வதற்கு அவர்கள் கூறிய விளக்கம் இது.