காலையில் இமை திறக்காத பிள்ளை

ராத்திரி நல்லா விளையாடிட்டுத் தூங்குன புள்ளைக்கு காலைல இமை மேல ஏறல, கருவிழி அசையல. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசக்காட்டுல இப்படி நடந்தா முதல்ல நினைக்க வேண்டியது கட்டுவிரியனை.

கரிசல் மண் கோடைல வெடிச்சுக் கிடக்கும். அந்த வெடிப்பு, எலி வளையெல்லாம் பாம்புக்கு வீடு. கட்டுவிரியன் ராத்திரிலதான் நடமாடும். தரையில பாய் விரிச்சுத் தூங்குறவங்களைத்தான் அதிகம் கடிக்குது. பல்லு சின்னது. பல நேரம் வலி, வீக்கம், தடம் எதுவுமே இருக்காது. புள்ள வயிறு வலிக்குதுன்னு சொல்லும். வீட்டுல ஓம வாட்டர் கொடுப்பாங்க. அப்புறம் இமை இறங்கும், பார்வை ரெண்டா தெரியும், எச்சில் முழுங்க முடியாது. அடுத்து மூச்சுத் தசை.

நம்ம பாஷைல சொன்னா, நரம்பு மெசேஜ் அனுப்புது, தசை வாங்குது. நல்லபாம்பு விஷம் முக்கியமா வாங்குற பக்கத்தை அடைக்கும்; நியோஸ்டிக்மின் ஊசி அங்க உதவும். கட்டுவிரியன் விஷம் அனுப்புற பக்கத்தையே சிதைச்சிடும். ரீஸ்டார்ட் பண்ணா சரியாகாது. நரம்பு நுனி திரும்ப வளரணும், நாள் கணக்காகும். விஷமுறிவு மருந்தால ரத்தத்துல சுத்துற விஷத்தைத்தான் பிடிக்க முடியும், அதான் அவசரம். லேட்டா வந்தா வென்டிலேட்டர்தான் காப்பாத்தும். அந்த நிலையில புள்ள மூளைச்சாவு மாதிரியே தெரியலாம், ஆனா நினைவு இருக்கலாம், காது கேக்கலாம். கைவிடக் கூடாது. இன்னொன்னு: குழந்தைக்கும் பெரியவங்க அளவு மருந்துதான். சின்னப் புள்ளைன்னு பாம்பு விஷத்தைக் குறைச்சா இறக்குது?

மருந்துக்கான விஷத்துல பெரும்பகுதி 1978ல தொடங்குன வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துல இருந்து வருது. 2024 நவம்பர்ல தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயா ஆக்கிடுச்சு. ரொம்ப லேட்டுதான்.

எல்லாமே பாம்பும் இல்ல. ஒரு கண்ணு மட்டும் மூக்குப் பக்கம் திரும்பி நின்னா அது ஆறாவது நரம்பு. வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் வந்து, சில மாசத்துல தானா சரியாகுறதும் உண்டு. கூடவே தலைவலி, காலை வாந்தி இருந்தா உடனே ஸ்கேன். தலைக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கலாம். சாயங்காலம் ஆக ஆக இமை இறங்குனா மயஸ்தீனியாவான்னு பாக்கணும். இதுக்கெல்லாம் திருநெல்வேலி அரவிந்த் இருக்கு. அதை ஆரம்பிச்ச டாக்டர் ஜி. வெங்கடசாமியே எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர்தான்.

ரெண்டு இமையும் இறங்கியிருந்தா கட்டாதீங்க, கீறாதீங்க, மந்திரிக்கப் போகாதீங்க. 108. டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா, "ராத்திரி தரையில தூங்குனான்"னு சொல்லுங்க.