காலுக்கு எட்டும் ஆசனம்

'ஆழமறியாமல் காலை விடாதே' என்பது முன்னோர் மொழி. ஆற்றையும் குளத்தையும் மனத்திற்கொண்டு சொல்லப்பட்ட இம்மொழி, புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் மோட்டார் சைக்கிள் செலுத்துவோருக்கும் பொருந்துவதாகும். ஆங்கே காலை ஊன்ற வேண்டிய இடம் தண்ணீரன்று, மணல். மணலுக்கும் ஓர் ஆழம் உண்டு அன்றோ?

கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு புறத்தில் பெருங்கடல். மறுபுறத்தில் புத்தளம் களப்பு. பாலாவியிலிருந்து நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிக்குச் செல்லும் பெருந்தெருவை விட்டு இறங்கினால், மீன்வாடிகளுக்கும் வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்கும் செல்லும் பாதைகள் பெரும்பாலும் மணற்பாதைகளே. தெற்கே முந்தல், உடப்புப் பக்கத்துக் கரையிலும் இத்தகைய பாதைகள் உண்டு. இவற்றில் செல்வதற்கெனக் கரட்டுப் பாதை மோட்டார் சைக்கிளை விரும்பி வாங்குவோர் உளர். அதன் வயிறு தரையில் தட்டாது, அதிர்வுதாங்கிகள் நீளமானவை, முன் சக்கரம் பெரியது. ஆனால் இந்நன்மைகளோடு ஒரு தொல்லையும் சேர்ந்தே வருகிறது. அதன் ஆசனம் உயரமானது. சாதாரண மோட்டார் சைக்கிளின் ஆசனம் தரையிலிருந்து ஏறக்குறைய 800 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்க, இவ்வகையில் அது 850 மில்லிமீற்றரையும் கடந்துவிடுவதுண்டு.

இரண்டு அங்குலந்தானே என்று எண்ணலாகாது. ஐந்தடி மூன்றங்குல உயரமுள்ள ஒருவர், பின்னால் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு மணற்பாதையில் வருகிறார் எனக் கொள்வோம். எதிரே மாடொன்று குறுக்கிட, வண்டியை நிறுத்துகிறார். ஓடும்வரை ஆசனத்தின் உயரம் அவருக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. நின்ற கணத்தில் பெருவிரல் மட்டுமே தரையைத் தொடுகிறது. தொட்ட விரலும் மணலிற் புதைகிறது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டி சாயத் தொடங்கிய பின் அதைத் தடுக்க எவராலும் இயலாது. கணுக்காலோ, சூடான புகைக்குழாயின் மேற்பட்ட காலோ அதற்கு விலையாகிறது. இவ்வகை விழுகைகள் வேகத்தால் நிகழ்வன அல்ல, நிற்கும்போது நிகழ்வன.

இதற்குச் செய்யத்தக்கது யாது? அதிர்வுதாங்கிகளின் உயரத்தைக் குறைப்போரும் உளர். அவ்வாறு குறைத்தால் வண்டியின் வயிறும் தாழ்ந்துவிடும். எந்த நன்மைக்காக அவ்வண்டி வாங்கப்பட்டதோ அந்நன்மையே குறைந்துபோகும். கம்பிச் சுருளை வெட்டுவதோ பெரும் ஆபத்து. வண்டியின் இயல்பு கெடாமல் தாழ்த்தத்தக்க பகுதி ஒன்றே உண்டு. அதுதான் ஆசனத்தின் உள்ளே இருக்கும் பஞ்சு.

இப்பஞ்சின் வரலாறும் அறியத்தக்கதே. சிலாபம், குருநாகல், புத்தளம் ஆகியவற்றை இணைக்கும் தென்னை முக்கோணத்தில் பிறந்தவர்களுக்குத் தும்பு புதியதன்று. தேங்காய்த் தும்பை இறப்பர்ப் பாலாற் பிணைத்து வாகன ஆசனங்களுக்கு இட்ட காலம் ஒன்றிருந்தது. இலங்கைக்கு இறப்பர் நாற்றுகள் 1876ஆம் ஆண்டிலே வந்து ஹெனரத்கொடையில் நாட்டப்பட்டன. இறப்பர்ப் பாலை நுரையாக்கிப் பஞ்சு செய்யும் முறை 1929இல் டன்லொப் நிறுவனத்தில் உருவாயிற்று. 1937இல் ஜேர்மனியில் ஓட்டோ பாயர் என்பார் பொலியூரிதேன் என்னும் பொருளை உண்டாக்கும் முறையைக் கண்டார். இன்றைய மோட்டார் சைக்கிள் ஆசனங்களில் இருப்பது பெரும்பாலும் அதன் நுரையே.

இதனை வெட்டுமுன் அளத்தல் வேண்டும். நாளும் அணியும் பாதணியோடு, வழக்கமான சுமையையும் ஏற்றி, மட்டமான தரையில் அமர்ந்து, இன்னும் எவ்வளவு தாழ வேண்டும் எனப் பார்த்துக்கொள்ளல் நன்று. சுமையினால் வண்டி தானே சிறிது அமிழும். அவ்வளவுக்கு வெட்டுதல் மிகையாகும்.

அடுத்து, பஞ்சின் மேற்புறத்தைச் சீவுமுன் அதன் முன்பகுதியின் இருபக்கத் தோள்களைச் சரித்துப் பார்த்தல் வேண்டும். அகன்ற ஆசனம் தொடைகளை விரிக்கிறது. விரிந்த கால் குறுகிய கால் ஆகும். தோள்கள் சரிந்தால் கால்கள் நேராக இறங்கும். மெத்தென்ற தன்மை குன்றாமலே கால் தரையை நெருங்கும். அதுவும் போதாதவிடத்தே மேற்புறத்தைச் சீவலாம். நடுவே ஒரு கோடும் இருபுறமும் ஒத்த கோடுகளும் இட்டு, நீண்ட பற்களுள்ள கத்தியால் சிறிது சிறிதாக அரிந்து, முரட்டு அரத்தாளால் தேய்த்து மட்டஞ்செய்வது கைதேர்ந்த குஷன் தொழிலாளரின் முறை. பஞ்சு நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஆசனத்தின் அடித்தட்டு உடலில் உறுத்தும் அளவுக்கு வெட்டினால், இறக்கிய உயரத்துக்கு முதுகெலும்பு வாடகை கொடுக்கும்.

மெலிந்த பஞ்சு அமிழ்ந்து போகாதிருக்க, அதன்மேல் உறுதியான படலம் ஒன்றை ஒட்டுவதும் உண்டு. இங்கே பலர் மயங்குமிடம் ஒன்றுண்டு. பஞ்சின் அடர்த்தி வேறு, கடினம் வேறு. ஒரு கன மீற்றர் பஞ்சின் நிறை அடர்த்தியாகும். அதை அமுக்கத் தேவைப்படும் விசையே கடினத்தைக் காட்டும். அடர்ந்த பஞ்சு நெடுநாள் உழைக்கும். ஆனால் அது கடினமாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஆகவே கடையிற் பெயரைக் கேட்டு வாங்காமல், கையால் அமுக்கி, அமர்ந்து பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

இனி மேலுறை. பஞ்சு குறைந்தபின் பழைய றெக்சின் உறை தொளதொளக்கும். சுருக்கங்களில் மழைநீர் தேங்கித் தையல் வழியே உள்ளிறங்கும். ஆதலால் உறையை அளவாக வெட்டி மீண்டும் தைத்தல் வேண்டும். வெயிலில் சிறிது வைத்து இளக்கி, முதலில் முன்னும் பின்னும், பின்னர் இடமும் வலமும் மாறிமாறி இழுத்துப் பொருத்தினால் சுருக்கம் விழாது. உப்புக்காற்று வீசும் இக்கரையில் சாதாரண இரும்புக் கம்பித் தைப்புகள் விரைவில் துருப்பிடித்து உறையைக் கைவிட்டுவிடும். துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளே ஏற்றவை. பஞ்சுக்கும் உறைக்கும் இடையே மெல்லிய பொலித்தீன் தாள் ஒன்றை விரித்தால் நீர் உட்புகாது.

ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கவே வேண்டும். ஆசனம் தாழ்ந்தால் அதற்கும் கால்தாங்கிக்கும் இடையேயுள்ள தூரம் குறையும். முழங்கால் கூடுதலாக மடங்கும். குட்டையானவருக்கு இது பெரிதன்று. நெட்டையானவருக்கோ நீண்ட பயணத்தில் நோவு தரும். அவருக்கு வேண்டியது இதன் மறுதலை. பஞ்சின் மேல் மற்றொரு படலத்தை ஒட்டி உயர்த்துதலேயாம்.

ஒரே வண்டியை அண்ணன் காலையிலும் தம்பி மாலையிலும் எடுத்துச் செல்லும் வீடுகள் இக்கரையில் எத்தனையோ! ஆதலின் நேயர்களே, அரிந்தெடுத்த பஞ்சுத் துண்டை எறிந்துவிடாதீர்கள். உலர்ந்த இடத்தில் பேணி வையுங்கள். அண்ணனுக்காக இறக்கிய ஆசனத்தைத் தம்பிக்காக உயர்த்த வேண்டிய நாளும் வரக்கூடும். வண்டி செய்தவர் ஆயிரமாயிரம் பேருக்குப் பொதுவான ஓர் அளவை வைத்துச் செய்தார். அதனை ஒரு மனிதரின் காலுக்கு ஏற்றதாக்குவது ஊர்க்கோடியில் ஊசியும் கத்தியுமாக இருக்கும் தொழிலாளியின் கைத்திறன். அவரிடம் செல்லும்போது வண்டியை மட்டும் அனுப்பிவிடாமல், அதில் ஏறுபவர் தாமே செல்லுதல் வேண்டும். அளக்கப்பட வேண்டியது ஆசனம் மட்டுமன்று. மணலில் ஊன்றப்போகும் காலும் அன்றோ?