யாரோ எழுதி வைத்த கணக்கு



இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, உங்களில் பலர் கணினியும் தரவு அறிவியலும் படித்தவர்கள். இன்னும் சில வாரங்களில் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் வண்டி ஏறுவீர்கள். தரவு என்றாலே பெருநகரத்துச் சமாச்சாரம், பெரிய கம்பெனிகளின் சொத்து என்ற நினைப்பு அங்கே எளிதில் தொற்றிக்கொள்ளும். அதற்குள் ஒரு செய்தியைச் சொல்லிவிட விரும்புகிறேன். நீங்கள் படித்த இந்தப் பழனி மலையே பழைய, பெரிய தரவுக் கிடங்கு. இங்கே கணக்கு எழுதியவர்கள் ஒரு காரணத்துக்காக எழுதினார்கள். அதன் பெரும்பயன், அவர்கள் கனவிலும் நினைக்காத கேள்வியோடு வேறொருவர் வந்தபோது கிடைத்தது. அப்படி வருகிற ஆட்களாக நீங்கள் இருக்க வேண்டும் என்பதுதான் என் உரையின் சாரம்.

ஊர்க்காரர்கள் ‘அப்சர்வேட்டரி’ என்று சொல்லும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்திலிருந்து தொடங்குகிறேன். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் நிறுவிய வானாய்வகத்தின் வாரிசு அது. அதை மலைக்குக் கொண்டுவந்த காரணங்களில் பஞ்சமும் ஒன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். மழை ஏன் பொய்த்தது என்று தேடியவர்கள், சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நம்பினார்கள். அதைச் சோதிக்கச் சூரியனை விடாமல் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குத் தெளிந்த வானம் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் குன்று தேர்வானது. சார்லஸ் மிச்சி ஸ்மித் முதல் இயக்குநராக இருக்க, 1899இல் வேலை தொடங்கியது.

கரும்புள்ளியை எண்ணி மழையைச் சொல்லிவிடும் அந்தக் கனவு கைகூடவில்லை. ஆனாலும் பார்ப்பதை அவர்கள் நிறுத்தவில்லை. 1904 முதல் சூரியனின் முழு வட்டத்தையும் கண்ணாடித் தட்டுகளில் படமெடுத்தார்கள். பிறகு கால்சியத்தின் ஒளியில் தனியாக, 1912 முதல் ஹைட்ரஜனின் ஒளியில் தனியாக என்று படவரிசைகள் பெருகின. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கேதான் கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். உலகமெங்கும் பாடநூல்களில் அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். தினமும் காலையில் கருவியைத் திறந்து, தட்டைச் செருகி, தேதி எழுதி வைத்த உதவியாளர்களின் பெயர்கள் பாடநூலில் ஏறவில்லை. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையாக அங்கே சூரியனைப் பார்த்த குடும்பமும் உண்டு.

படமெடுத்ததோடு நின்றார்களா? இல்லை. அன்றைய சூரியனில் கரும்புள்ளி எங்கே, ஒளித்திட்டு எங்கே, இழை எங்கே, விளிம்பில் எழும் சுடர் எங்கே என்று கட்டமிட்ட தாளில் வெவ்வேறு நிறங்களில் கையால் வரைந்து வைத்தார்கள். இந்தச் சூரிய வரைபடங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தொடர்ந்தன.

இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அந்தத் தட்டுகளையும் தாள்களையும் ஸ்கேன் செய்தது. ஏறத்தாழ 1.2 லட்சம் படங்கள் டிஜிட்டல் வடிவம் பெற்றன. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தும் விடப்பட்டன. அதற்குப் பிறகுதான் எழுதியவர்கள் எதிர்பார்க்காத கேள்விகள் வந்தன.

சூரியனின் காந்தப்புலத்தை முழு வட்டத்துக்கும் நாள்தோறும் அளப்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வழக்கமானது. அதற்கு முந்தைய காலத்துக்கு என்ன செய்வது? கால்சியம் ஒளியில் பளிச்சென்று தெரியும் இடங்களில் காந்தப்புலம் வலுவாக இருக்கும். ஆகவே கொடைக்கானலின் பழைய தட்டுகளை வைத்து, காந்தமானி பார்க்காத பல பதிற்றாண்டுகளின் காந்த வரலாற்றை ஊகிக்க முடிகிறது. இன்னொரு குழு, சூரியன் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை என்பதை இதே படங்களில் அளந்தது. நடுக்கோட்டில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 14 பாகை. துருவத்தை ஒட்டிய 80 பாகை அட்சரேகையில் பத்தரைப் பாகைதான். நூறாண்டுப் படங்களில் சின்னஞ்சிறு ஒளிவலைகளைப் பின்தொடர்ந்து கிடைத்த கணக்கு இது. மூன்றாவது குழு, கையால் வரைந்த அந்த வண்ணத் தாள்களை இயந்திரக் கற்றல் மென்பொருளுக்குப் படிக்கக் கொடுத்தது. 1916 முதல் 2007 வரை ஒன்பது சூரியச் சுழற்சிகளின் கதையை மென்பொருள் அந்த நிறங்களிலிருந்து பிரித்தெடுத்தது. நிறம் தீட்டத் தொடங்கியவர்களின் காலத்தில் கணினி என்ற பொருளே கிடையாது.

மாணவர்களே, இதில் உங்களுக்கு ஒரு தொழில்பாடம் இருக்கிறது. ஆய்வாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி சூத்திரங்களில் போகவில்லை. படம் எடுத்த நேரம் சரியா, படத்தில் வடக்கு எந்தப் பக்கம், தட்டு எவ்வளவு மங்கியிருக்கிறது என்று திருத்துவதில் போனது. மேகம் மூடிய நாட்களில் கொடைக்கானலில் படம் இல்லை. ‘இல்லை’ என்பது பதிவேட்டில் தெளிவாகத் தெரிந்ததால், அந்த இடைவெளியை வேறு நாட்டு ஆய்வகங்களின் படங்களோடு சேர்த்துப் பார்க்க முடிந்தது. பொய்யாக நிரப்பியிருந்தால் மொத்த வரிசையும் கெட்டிருக்கும். தரவில் நேர்மை என்பதில் பாதிக்கு மேல், காலியான கட்டத்தைக் காலியாகவே விடும் துணிவுதான்.

இப்போது வானத்திலிருந்து மண்ணுக்கு வருவோம். 1972இல் அமெரிக்கா லேண்ட்சாட் செயற்கைக்கோளை ஏவியது. அதன் படங்கள் 2008இல் எல்லோருக்கும் இலவசமாயின. 2018இல் எம். அரசுமணியும் அவரோடு பணியாற்றிய ஆய்வாளர்களும் அந்தப் படங்களைக் கொண்டு பழனி மலையின் நாற்பதாண்டு மாற்றத்தை வரைந்தார்கள். 1973இல் இருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு 2014க்குள் காணாமல் போயிருந்தது. சோலைக்காட்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அந்த இடத்தில் வாட்டில், தைல மரம், பைன் தோட்டங்களும் விவசாய நிலமும் வந்திருந்தன.

இதில் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று. மரம் கூடினால் காடு வளர்ந்தது என்று மேம்போக்கான கணக்கு சொல்லும். செயற்கைக்கோளின் கண்ணுக்கு வாட்டில் தோப்பும் பச்சை, சோலையும் பச்சை. எந்தப் பச்சை எது என்று சொல்ல மலையில் நடந்து பார்த்தவர் வேண்டும். புல்வெளியை வெற்று நிலம் என்று எண்ணிய பழைய வனக் கொள்கையின் பிழை, மலையை அறிந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் வரைபடத்தில் தெரிந்தது. வட்டக்கானலில் சோலைக் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்துவந்த பாதுகாப்பு அறக்கட்டளையினர் இன்னொன்றையும் கண்டிருந்தார்கள்: பழைய தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. ஆகவே அயல்மரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டிவிடலாம் என்பதும் சரியான முடிவாகாது. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதற்கு மேலே எடுத்த படமும் வேண்டும், கீழே பார்த்த கண்ணும் வேண்டும். இந்த மலையின் ஓடைகள்தான் வடக்கே அமராவதிக்கும் தெற்கே வைகைக்கும் போய்ச் சேர்கின்றன. பழனியிலும் பெரியகுளத்திலும் நெல் விளைவிப்பவருக்கு இது தள்ளியிருந்து வேடிக்கை பார்க்கும் விஷயம் இல்லை.

தொழில்நுட்பம் தெரிந்த உள்ளூர் மக்கள் கைகோத்தால் எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்பதற்குச் சென்னையைச் சொல்லலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் என்று மக்களே குறிக்கும்படி, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் ஆர்வலர்கள் ஒரு வரைபடத்தைத் திறந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான தெருக்கள் அதில் குறிக்கப்பட்டன. வேறு தன்னார்வலர்கள் யாரிடம் படகு, யாரிடம் சாப்பாடு, எங்கே தங்க இடம் என்று சாதாரண விரிதாளில் தொகுத்தார்கள். அங்கே பயன்பட்ட கருவிகள் எல்லாம் எளியவை. தன் தெருவைத் தானே அறிந்தவர்கள் தகவல் கொடுத்ததால்தான் அவை உயிர் பெற்றன.

இனி இன்றைய கொடைக்கானலுக்கு வருகிறேன். 2024 மே 7 முதல், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி, வெளியூர் வண்டிகள் இங்கே வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஐஐடி சென்னையும் ஐஐஎம் பெங்களூரும் ஆராய்வதற்கு எண்ணிக்கை தேவைப்பட்டது; அதுதான் தொடக்கம். 2025 கோடைக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் பிழைப்பு பற்றிக் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை நியாயமானது.

நான் கேட்பது, இந்த எண்ணிக்கையை வண்டியை நிறுத்த மட்டும் வைத்துக்கொள்ளலாமா? எந்த வாரத்தில் குப்பை எவ்வளவு சேர்கிறது, எந்த வார்டில் குடிநீர் தட்டுகிறது, வத்தலகுண்டு மலைப்பாதையில் எந்த மணிக்கு ஆம்புலன்ஸ் சிக்கிக்கொள்கிறது என்ற கணக்குகளை இதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நகராட்சிக்குப் புதுக் கண் கிடைக்கும். எச்சரிக்கையும் சேர்த்தே சொல்கிறேன். இ-பாஸில் பெயரும் தொலைபேசி எண்ணும் வண்டி எண்ணும் இருக்கின்றன. கூட்டத்தின் கணக்கைப் பொதுவில் வையுங்கள். தனி ஆளின் நடமாட்டத்தைத் தொடாதீர்கள். 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மனிதருக்கு மனிதர் காட்டும் மரியாதை இருக்கிறது.

இதே மரியாதையை இந்த மலையின் பழங்குடிகளான பளியர்களிடமும் காட்டுங்கள். தேன், கிழங்கு, மூலிகை பற்றி அவர்கள் சொல்வதைப் பதிவு செய்கிறவர்கள், அது யார் பெயரில் இருக்கும், அதன் பலன் யாருக்குப் போகும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். எடுத்த தரவு எடுத்த ஊருக்குத் திரும்பாவிட்டால் அது சேகரிப்பு ஆகாது, கவர்ந்து செல்வதாகும்.

கேள்விக்காகக் காத்திருக்கும் கணக்குகள் இந்த மலையைச் சுற்றி நிறைய இருக்கின்றன. செண்பகனூரில் இயேசு சபையார் சேர்த்த செடிகொடிகளும், பாதிரியார் கே.எம். மேத்யூ 1999இல் வெளியிட்ட பழனி மலைத் தாவரத் தொகுதியும் இருக்கின்றன. காய வைத்த செடியோடு ஒட்டிய சீட்டில் இடமும் தேதியும் இருக்கும். பூவோடு பறித்த செடி என்றால் அன்று அது பூத்திருந்தது என்று பொருள். அந்தத் தேதிகளை இன்றைய பூப்போடு ஒப்பிட்டால் வெப்பம் மாறிய கதை தெரியலாம். உலகில் பல இடங்களில் இப்படிச் செய்கிறார்கள். மலைப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர் விவசாயிக்கு அதனால் வடுகபட்டிச் சந்தையில் கூடுதல் விலை கிடைத்ததா? சந்தையின் பழைய சிட்டைகளை ஒரு விவசாயி மகளோ மகனோ உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் பதில் கிடைக்கும். அந்தக் கேள்வி பெங்களூரில் இருக்கும் பொறியாளருக்குத் தோன்றாது. உங்களுக்குத் தோன்றும். அதுதான் உங்கள் மூலதனம்.

இன்றைக்கு மென்பொருள் எழுதக் கூடச் செயற்கை நுண்ணறிவு உதவுகிறது. நாளை இன்னும் அதிகம் உதவும். அது எழுதித் தருவதைச் சரிபார்க்கவும், எதை எழுதச் சொல்வது என்று முடிவு செய்யவும் ஊரும் தொழிலும் தெரிந்த மனிதர் தேவைப்படுவார். ஆகவே படித்த துறையோடு ஊரையும் படியுங்கள். அளக்கும்போது எப்படி அளந்தீர்கள் என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே குறியுங்கள். பிறருக்குப் புரியும் வடிவில், முடிந்தவரை தமிழிலும், திறந்து வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை கொடுத்து அனுப்புகிறேன். இந்த மலைச்சரிவுகளில் 2006இலும் 2018இலும் குறிஞ்சி பூத்தது. அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அப்போது நீங்கள் எந்த ஊரில் எந்த வேலையில் இருந்தாலும் ஒருமுறை மலைக்கு வாருங்கள். எந்தச் சரிவில், எந்தத் தேதியில், எவ்வளவு பரப்பில் பூத்தது, எங்கே பூக்காமல் போனது என்று எல்லோரும் ஒரே முறையில் குறித்து, ஒரே இடத்தில் சேருங்கள். அதற்கான படிவத்தையும் விதிகளையும் இந்த வளாகத்தை விட்டுப் போவதற்குள் உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள். 2042இல் இதே அரங்கில் பட்டம் வாங்கப் போகிறவர்கள் அந்தக் கணக்கைத் திறப்பார்கள். அவர்கள் கேட்கப் போகும் கேள்வி நமக்குத் தெரிய வேண்டியதில்லை. கணக்கு சரியாக இருக்க வேண்டும். அது உங்கள் பொறுப்பு.